மிளகும் ரெண்டு சம்பந்திகளும்

மகன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் டிரைவர் அந்த ஷூவைப் பார்த்தார். பளபளவென்று, முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளக்கூடிய கறுப்பு ஷூ. அதன் அண்ணனையோ தம்பியையோ அவருக்கு ஏற்கெனவே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகனின் கல்யாண வரவேற்பில் அவருடைய கால் கட்டைவிரலை மிதித்த குடும்பம் அது. ஷூவும் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, ஷூவுக்குள் இருந்தவரும் கேட்கவில்லை.

"இந்த மனுஷன் எங்கே இங்கே?" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

உள்ளே சோபாவில், முதுகை வளைக்காமல், சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

டிரைவர் ஆயுசு பூரா தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். சம்பந்தி ஆயுசு பூரா ஆபரேஷன் அறையில் மயக்க மருந்து கொடுத்து ஓய்வு பெற்ற டாக்டர். அதாவது ஒருத்தர் ஊரில் தூங்கிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் எழுப்பிச் சம்பாதித்தவர், இன்னொருத்தர் முழித்துக்கொண்டிருந்தவர்களைத் தூங்க வைத்துச் சம்பாதித்தவர். இவர்கள் பிள்ளையும் பெண்ணும் காதலித்துத் தொலைத்தார்கள்.

வரவேற்பில் யாரோ டாக்டரிடம், "மாப்பிள்ளையோட அப்பா என்ன பண்றார்?" என்று கேட்க, அவர் "ஏதோ லாரி ஓட்டறார்" என்று சொன்னது டிரைவர் காதில் விழுந்தது. லாரி! மணியடித்தால் மந்திரி கார்கூட ஒதுங்குகிற சிவப்பு வண்டியைப் போய் லாரி என்றால்? டிரைவர் விடுவாரா? நேரே மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார். "சம்பந்தி ஊசி போட்டுத்தான் ஜனங்களைத் தூங்க வைக்கிறார்னு நினைச்சேன். இன்னிக்கு அவர் வாழ்த்துரையைக் கேட்டப்புறம்தான் தெரியுது, ஊசியெல்லாம் வீண் செலவு." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. அன்றையிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இப்போது ரெண்டு பேரும் ஒரே கூடத்தில் வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவர்கள் பெற்ற பிள்ளைகளின் சாமர்த்தியம். மருமகளுக்குப் பிரசவ விடுப்பு முடிந்து அன்றைக்கு முதல் நாள் வேலை. குழந்தைகள் காப்பகத்தில் அடுத்த வாரம்தான் இடம். அதுவரை பார்த்துக்கொள்வதாக ஒத்துக்கொண்ட ஆயாம்மா, ஒத்திகைக்கு வந்து குழந்தையோடு கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். திடீரென்று முதுகு பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டு, முதுகு பிடித்தவள் ஓட முடியாத வேகத்தில் படியிறங்கிப் போனாள். டிரைவரின் மனைவியைக் கூப்பிடலாம் என்றால் அவளுக்குக் கையில் மாவுக்கட்டு. டாக்டர் வீட்டம்மா காலமாகிச் சில வருஷம் ஆகிறது. கடைசியில் மகன் சமையலறையில் நின்று தன் அப்பாவுக்குப் போன் போட்டான். அதே நேரத்தில் படுக்கையறையில் நின்று மருமகள் தன் அப்பாவுக்குப் போன் போட்டாள். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுச் செய்வதற்கு அவர்கள் என்ன புதுசாகக் கல்யாணமானவர்களா?

"மாமா, வாங்க. அப்பாவும் வந்திருக்கார்," என்றாள் மருமகள், முகத்தில் ஒரு குற்றமும் செய்யாதவள் போல. "ரெண்டு பேரும் இருந்தா எனக்கு ரொம்ப நிம்மதி."

"ஒருத்தர் இருந்தாப் போதுமே," என்றார் டிரைவர் கூரையைப் பார்த்து.

"அதைத்தான் நானும் சொன்னேன்," என்றார் டாக்டர் ஜன்னலைப் பார்த்து.

யார் போவது? போனால் தோற்றதாக அர்த்தம். ரெண்டு பேரும் அசையவில்லை.

மருமகள் பையை மாட்டிக்கொண்டே மூச்சுவிடாமல் சொன்னாள்: "மிளகு வெளியே இருந்தா தங்கம். வீட்டுக்குள்ளேயே இருந்தாத்தான் அவளுக்கு ஆகாது. நை நைன்னு ஆரம்பிப்பா, அப்புறம் கத்துவா. எதிர்வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டு இப்பதான் படுப்பார். ஏற்கெனவே ரெண்டு தடவை சண்டைக்கு வந்துட்டார். எதையாவது காட்டி சமாளிங்க. அடுப்புக்கிட்ட விடாதீங்க. ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காதீங்க."

மகன், "ஆல் தி பெஸ்ட்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டியை முந்திக்கொண்டு படியில் இறங்கினான்.

மிளகு என்பது பேத்தியின் பெயரில்லை. வைத்த பெயர் ஒன்று நீளமாக, சான்றிதழில் இருக்கிறது. சின்னதாக, உருண்டையாக, வாயில் பட்ட பிறகுதான் விவரம் தெரிகிற மாதிரி இருந்ததால் ஆஸ்பத்திரியிலேயே மிளகு என்று ஆகிவிட்டது. ஒன்பது மாசம். தவழ்வாள், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள், பிடித்ததைக் கீழே இழுப்பாள்.

அப்போது அவள் விரிப்பில் உட்கார்ந்து ஒரு ரப்பர் யானையின் காதைத் தின்றுகொண்டிருந்தாள். அம்மா போவதைப் பார்த்தாள். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கதவு மூடியது. 'டக்' என்று பூட்டு விழுந்தது. யானை கீழே விழுந்தது. மிளகு கதவையே பார்த்தாள். கீழுதடு முன்னால் வந்தது. மூச்சை உள்ளே இழுத்தாள். இழுத்தாள், இழுத்தாள், இழுத்துக்கொண்டே இருந்தாள்.

டிரைவருக்கு இது பழகின விஷயம். பழைய வண்டியில் சைரனைக் கையால் சுற்றும்போது முதல் சுற்றில் சத்தமே வராது. அந்த அமைதிதான் அபாயம்.

பிறகு வந்தது.

"வலி இருக்கலாம்," என்று டாக்டர் எழுந்தார். குழந்தையைத் தூக்கி வயிற்றைத் தட்டினார், காதுக்குப் பின்னால் தொட்டார், கண்ணை விரித்துப் பார்த்தார். "மூச்சு சீரா இருக்கு. நிறம் நல்லா இருக்கு. நாடி நல்லா இருக்கு."

"மிளகு," என்றார் டிரைவர், "உன் அம்மாவோட அப்பாகிட்ட சொல்லு, சத்தமும் நல்லாத்தான் இருக்குன்னு."

இதுதான் அவர்கள் வழி. இந்த ஒன்பது மாசத்தில் எங்காவது சேர்ந்து உட்கார வேண்டி வந்தால் ரெண்டு பேரும் குழந்தையை நடுவில் வைத்துக்கொண்டு அதனிடம்தான் பேசுவார்கள். பதில் சொல்லத் தெரியாத குழந்தை என்பதால் வசதியாக இருந்தது.

"மிளகு," என்றார் டாக்டர், "அந்தத் தாத்தாகிட்ட சொல்லு, உன்னைத் தூங்க வைக்கறதுக்கு மருந்து தேவையில்லை, நிதானமான குரல் போதும்னு. எவ்வளவு பெரிய பயில்வானையும் நான் பத்து எண்ணறதுக்குள்ள தூங்க வெச்சிருக்கேன்."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, கண்ணை அரைவாசி மூடி, ஆழமான குரலில் ஆரம்பித்தார். "ஒண்ணு... உடம்பு லேசாகுது... ரெண்டு... கண்ணு கனமாகுது... மூணு..." நிஜமாகவே நல்ல குரல். ஆறு என்கிறபோது ஒருத்தர் தூங்கிவிட்டார். டாக்டர்தான். வாய் பிளந்து, கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, முதல்தரமான குறட்டை. மிளகு அழுகையைச் சற்று நிறுத்தி, அந்தத் திறந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு அதற்குள்ளேயே முகத்தை வைத்து வீறிட்டாள்.

டாக்டர் துள்ளி எழுந்தார். "ரத்த அழுத்தம் எவ்வளவு?" என்றார் யாரிடமோ.

டிரைவருக்கு அன்றைய நாளே சந்தோஷமாகிவிட்டது. "கொடு இப்படி," என்று குழந்தையிடம் சொல்லி, குழந்தையையே வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் முறை. குதிரை ஏற்றினார். குழாயைத் திறந்து தண்ணீர் காட்டினார். மிளகு தண்ணீரைப் பார்த்தாள், கதவைக் கை காட்டினாள், கத்தினாள். பால்கனிக்குக் கூட்டிப்போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் தெரு தெரிந்தது, போக முடியவில்லை. இன்னும் அதிகமாகக் கத்தினாள். டாக்டர் இதற்கிடையில் சமையலறையில் புகுந்து, "மிளகு, கிருமியெல்லாம் செத்தாத்தான் பால் தரலாம்னு அந்தத் தாத்தாகிட்ட சொல்லு" என்று பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பால் பாட்டிலைப் போட்டு, அடுப்பைப் பற்ற வைத்தார்.

கடைசியில் டிரைவர் வேறு வழியில்லாமல், வேலையில் இருந்தபோது நண்பர்கள் கெஞ்சினால் மட்டும் செய்து காட்டுகிற வித்தையை எடுத்தார். கன்னத்தை உப்பிக்கொண்டு வாயாலேயே சைரன் ஊதினார். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, உச்சத்தில் நின்று நடுங்கி, மெல்ல இறங்குகிற அசல் சைரன். மிளகு வாயை மூடினாள். கண்ணை அகல விரித்தாள். கையைத் தட்டினாள். டிரைவர் பெருமையாக டாக்டரைப் பார்த்துக்கொண்டே மறுபடி ஊதினார். இன்னும் பலமாக.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. தடதடவென்று காலடி. இவர்கள் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால், ஷிப்ட்காரர் பனியனும் உள்ளாடையுமாக நின்றார். கையில் டி.வி. பெட்டி, தோளில் அதன் ஒயர்.

"எங்கே தீ? எத்தனாவது மாடி?"

"தீ இல்லை சார்," என்றார் டிரைவர். "குழந்தைக்கு விளையாட்டு காட்டினேன்."

ஷிப்ட்காரர் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். தன் உள்ளாடையைப் பார்த்தார். "இன்னும் ஒரு சத்தம் கேட்டுச்சு," என்றார் மெதுவாக, "நானே தீ வைப்பேன்."

அவர் போன பிறகு பார்த்தால், திறந்த கதவு வழியாக மிளகு படிக்கட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரெண்டு தாத்தாக்களும் ஷூவையும் செருப்பையும் மாட்டினார்கள். டிரைவர் கதவை இழுத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

கீழே தள்ளுவண்டி மடித்து வைத்திருந்தது. வானம் தொடுகிற ஏணியை விரித்த வண்டியை ஓட்டிய டிரைவரும், மனித உடம்பின் நரம்பு ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்த டாக்டரும், அதை விரிக்க ஆன மட்டும் போராடினார்கள். ஒரு தடவை பாதி விரிந்து டாக்டரின் கழுத்துப்பட்டையைக் கவ்விக்கொண்டது. மாடிப்படிக்கு அடியிலேயே அதை உதைத்துத் தள்ளிவிட்டு, குழந்தையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

தெருவில் மிளகு மகாராணி. நாயைப் பார்த்து "ஆ" என்றாள். குப்பை லாரியைப் பார்த்து "ஆ" என்றாள். ஒரு வழுக்கைத் தலையைப் பார்த்து "ஆ ஆ" என்றாள். ஆனால் நிற்கக் கூடாது. நின்றால் கீழுதடு முன்னால் வரும். டாக்டருக்கு முழங்கால் பிடித்தது, டிரைவருக்கு இடுப்பு பிடித்தது. யார் முதலில் சொல்வது என்று ரெண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்கள்.

"மிளகு, அந்தத் தாத்தா நொண்டறாரே, பஸ்ல ஏறலாமான்னு கேளு," என்றார் டிரைவர்.

"மிளகு, நான் நொண்டலைன்னு சொல்லு. ஆனா பஸ்ல ஏறலாம்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ரெண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே மாதிரி "ஸ்ஸ்ஸப்பா" வந்தது. வண்டி ஓடினால் மிளகு சும்மா இருந்தாள். நிறுத்தத்தில் நின்றால் ஆரம்பித்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது பஸ்ஸே அதிர்ந்தது. பயணிகள் எல்லாரும் கழுத்தை நீட்டி, விளக்கு எப்போது பச்சையாகும் என்று அதையே முறைத்தார்கள்.

டிரைவர் பொறுக்கமாட்டாமல் முன்னால் குனிந்து பஸ் டிரைவரிடம், "தம்பி, மஞ்சள்லயே கிளம்பியிருந்தா தாண்டியிருக்கலாம்" என்றார்.

"நீங்க வண்டி ஓட்டியிருக்கீங்களா பெரியவரே?"

"நான் ஓட்டின வண்டிக்கு சிவப்பு விளக்கே கிடையாதுப்பா."

"அப்ப அதுலயே போயிருக்க வேண்டியதுதானே?"

பின்சீட்டுக் கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவருடைய தோள் குலுங்கியதை டிரைவர் பார்த்துவிட்டார்.

பஸ் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது டாக்டர் நிமிர்ந்தார். "மிளகு, இதுதான் நான் வேலை பார்த்த இடம். உள்ளே நீளமான தாழ்வாரம் இருக்கு, குளுகுளுன்னு இருக்கும், நடந்துக்கிட்டே இருக்கலாம். எல்லாரும் என்னைப் பார்த்தா எழுந்து நிப்பாங்க. வா, காட்டறேன்."

ஆஸ்பத்திரி முகப்பையே மாற்றியிருந்தார்கள். எங்கே பார்த்தாலும் கண்ணாடி. வாசலில் புது சீருடையில் ஒரு காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான்.

"டோக்கன் எடுங்க பெரியவரே."

டாக்டர் புன்னகைத்தார். "நான் இங்கே டாக்டர்."

"சரிங்க. எந்த டாக்டரைப் பாக்கணும்?"

"பாக்கறதில்லைப்பா. நானே டாக்டர். மயக்க மருந்து டாக்டர்."

காவலாளி டிரைவரைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எத்தனை நாளா இப்படி இருக்காருங்க?" என்றான்.

இந்த ஒரு காட்சிக்காக டிரைவர் மூன்று வருஷமாகக் காத்திருந்தார் என்று சொன்னால் தப்பில்லை. சிரிப்பு தொண்டைவரை வந்தது. பக்கத்தில் பார்த்தார். டாக்டரின் காது சிவந்திருந்தது. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் அங்குமிங்கும் போகிற வெள்ளைக் கோட்டுகளில் ஒன்றாவது திரும்பிப் பார்க்காதா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒன்றும் திரும்பவில்லை. சிரிப்பு தொண்டையிலேயே நின்றுபோனது டிரைவருக்கு எரிச்சலாக இருந்தது.

"ஏம்ப்பா," என்றார் காவலாளியிடம், "இந்த ஊர்ல கத்தி பட்ட வயிறு பாதிக்கு மேல இவர் கையால மயங்கினதுதான். தெரியுமா உனக்கு?"

"அப்படிங்களா? எல்லாரும் எழுந்தாங்களா?"

"எல்லாரும் எழுந்தாங்க!" என்று டாக்டர் போட்ட கூச்சலில் வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

நின்று பேசியதில் மிளகுக்குப் பொறுமை போய்விட்டது. கூடவே வேறொன்றும் போய்விட்டது. முதலில் வாசனை வந்தது. பிறகு டிரைவரின் முழங்கையில் ஏதோ சூடாக இறங்கியது. வரிசை தானாகவே விலகி வழிவிட்டது. டோக்கன்கூடத் தேவைப்படவில்லை.

"மிளகு, மாத்துத் துணி எங்கேன்னு அந்தத் தாத்தாகிட்ட கேளு," என்றார் டாக்டர்.

"பையில இருக்கும். பை எங்கேன்னு அந்தத் தாத்தாகிட்ட கேளு."

"பை வீட்ல."

"பால்?"

"பாலும் வீட்லதான். பாட்டில்ல ஊத்தவே இல்லையே. பாட்டில் இன்னும்..."

டாக்டர் பாதியில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக டிரைவரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்தார்.

"சம்பந்தி! அடுப்பு!"

"அணைக்கலையா?"

"நீங்கதானே கடைசியா வெளியே வந்தீங்க?"

"நீங்கதானேய்யா பத்த வெச்சீங்க!"

ஓடினார்கள். முழங்காலும் இடுப்பும் என்ன ஆயின என்று தெரியவில்லை. கிடைத்த முதல் டாக்ஸியில் ஏறினார்கள். "சீக்கிரம் போப்பா" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிளகின் புண்ணியத்தில் அந்த மனிதர் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு, டிரைவரே மெச்சுகிற வேகத்தில் பறந்தார்.

தெருமுனையில் திரும்பியபோதே கூட்டம் தெரிந்தது. கூட்டத்துக்கு நடுவில் சிவப்பு வண்டி. ஏணி இவர்கள் வீட்டுப் பால்கனிக்கு விரிந்திருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து கறுப்பாக, ஒல்லியாக ஒரு புகை வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கருகின நாற்றம் மிளகின் நாற்றத்தையே அடித்தது.

டிரைவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தில் நுழைந்து ஒருத்தரிடம் கேட்டார். "என்னங்க ஆச்சு?"

"அநியாயம் சார். உள்ளே ரெண்டு கிழவனுங்களும் ஒரு கைக்குழந்தையும் மாட்டிக்கிச்சாம். எதிர்வீட்டுக்காரர் கதவை இடிச்சு இடிச்சுப் பார்த்திருக்கார், பதிலே இல்லையாம். போயிருப்பாங்க."

"எங்கே?"

"எங்கேன்னா? மேலேதான்."

டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மிளகு ஏணியைப் பார்த்தாள். அதில் தொப்பி போட்ட ஒருத்தன் ஏறுவதைப் பார்த்தாள். டிரைவரின் காதைப் பிடித்து இழுத்து "ஆ! ஆ! ஆ!" என்று குதித்தாள். அவள் பிறந்ததிலிருந்து இவ்வளவு நல்ல நாள் வந்ததில்லை.

அப்போதுதான் டிரைவருக்குச் சட்டைப்பையில் இருந்த சாவி நினைவுக்கு வந்தது. "நிறுத்துங்க! சாவி என்கிட்ட இருக்கு! நாங்க இங்கே இருக்கோம்!" என்று கத்தினார். மாடியில் 'மடார்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதவு போய்விட்டது.

கூட்டம் திரும்பியது. இறந்துபோன ரெண்டு கிழவர்களையும் ஒரு கைக்குழந்தையையும் எல்லாரும் ஏற இறங்கப் பார்த்தார்கள். ஒரு சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

படியிலிருந்து இறங்கி வந்த நிலைய அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். "அண்ணே! நீங்களா? உங்க வீட்லயேவா?"

டிரைவருக்குப் பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. இந்தப் பையனுக்கு கிளட்ச் மிதிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். 'அடுப்பு வெச்சது நான் இல்லை' என்ற வாக்கியம் வாய்வரை வந்தது. டாக்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அடுப்பு வெச்சது நான்தான் சார். இவருக்கு இதுல சம்பந்தமில்லை."

"நீங்க யாருங்க?"

"இவரோட சம்பந்தி," என்றார் டாக்டர்.

அந்த நேரம் பார்த்து டாக்ஸி ஒன்று வந்து நின்றது. மருமகள் ஒற்றைச் செருப்போடு இறங்கி ஓடி வந்தாள். ஷிப்ட்காரர் போன் போட்டு என்ன சொல்லியிருந்தாரோ, முகம் பேயறைந்தாற்போல இருந்தது. மிளகைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள். அணைத்த கையைப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு அப்பாவையும் மாமனாரையும் பார்த்த பார்வையில், ஏணியில் இருந்தவன்கூட ஒரு படி மேலே ஏறிக்கொண்டான். மிளகு அம்மாவுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு மறுபடி வண்டியைப் பார்க்கத் திரும்பினாள்.

உள்ளே பெரிய சேதம் ஒன்றுமில்லை. ஒரு பாத்திரம் கரி. ஒரு பாட்டில் கஞ்சியாகி அடுப்பில் ஒட்டியிருந்தது. சமையலறைச் சுவர் ஒரு பக்கம் கறுத்திருந்தது. வாசல் கதவு மட்டும் ரெண்டு துண்டாகக் கிடந்தது.

சாயங்காலம் மகன் வந்தான். உதட்டைக் கடித்துக் கடித்துச் சிரிப்பை அடக்கியதில் அவனுக்கு உதடு வீங்கிவிட்டது. மருமகள் யாரோடும் பேசவில்லை. ரெண்டு சம்பந்திகளும் சோபாவின் ரெண்டு நுனியில், தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட பையன்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் கதவுக்குப் பதில் ஒரு மேசையைச் சாய்த்து அடைத்திருந்தது.

அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு மிளகு நின்றாள். படியில் ஏறுகிறவர்களைப் பார்த்து "ஆ" என்றாள். இறங்குகிறவர்களைப் பார்த்து "ஆ" என்றாள். மேல்மாடிப் பெண் ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டுப் போனாள். வேலைக்குக் கிளம்பிய ஷிப்ட்காரர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அவளுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினார். விளக்கு வைக்கிற நேரம் வந்தது. சாப்பாட்டு நேரம் வந்தது.

"இவ ஏன் இன்னும் அழலை?" என்றாள் மருமகள் திடீரென்று.

எல்லாரும் மிளகைப் பார்த்தார்கள். பிறகு கதவில்லாத வாசலைப் பார்த்தார்கள்.

"கதவு போடாமலே விட்டுட்டா என்ன?" என்றான் மகன்.

பெண்டாட்டி பார்த்த பார்வையில் அவனும் சோபாவில் வந்து உட்கார்ந்தான், ரெண்டு அப்பாக்களுக்கும் நடுவில்.

கிளம்பும்போது மருமகள் தீர்ப்புச் சொன்னாள். "நாளைக்கு நான் லீவு போட்டுக்கறேன். தச்சர் காலையில வந்து கதவு மாட்டறார். காப்பகம் திறக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இந்தப் பக்கமே வரக் கூடாது. தனித்தனியாவும் வேணாம்."

டிரைவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். கதையில் புகை கொஞ்சம் அதிகம், தன் பங்கு கொஞ்சம் குறைவு. அவள் மாவுக்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கட்டே உடைந்துவிடும் போல இருந்தது. "அப்ப ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?" என்று கேட்டாள். "பேசலை, கத்தினோம்," என்றார்.

மறுநாள் காலையிலிருந்து அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரை எடுத்தார், வைத்தார். பால்கனிக்குப் போனார், வந்தார். "மிளகு யார் மாதிரின்னு இப்பத்தான் தெரியுது," என்றாள் மனைவி.

மதியத்துக்கு முன்னால் போன் அடித்தது. மருமகள். குரலுக்குப் பின்னால் மிளகின் சைரன் ஒலித்துக்கொண்டிருந்தது.

"மாமா," என்றாள் மருமகள், "கதவு மாட்டி முடிச்சாச்சு. அப்போலேர்ந்து நிறுத்தவே இல்லை. எனக்குத் தலை வெடிக்குது. நேத்து சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க. அப்பாவுக்கும் சொல்லிட்டேன். கொஞ்சம் வர முடியுமா?"

டிரைவர் தொண்டையைச் செருமினார். "பாக்கறேம்மா. இன்னிக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. சாயங்காலமா முடிஞ்சா வரேன்."

போனை வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து நடப்பதற்கென்று வைத்திருக்கிற கான்வாஸ் ஷூவைத் தேடினார். ஒரு காலை நுழைக்கும்போதே மறுபடி போன்.

"சம்பந்தி," என்றது நிதானமான அந்தக் குரல், "உங்களையும் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

"என்ன சொன்னீங்க?"

"வேலை இருக்குன்னேன். கொஞ்சம் கெஞ்சட்டுமே. நீங்க?"

"நானும் அப்படித்தான். ரெண்டு நாள் கழிச்சு பார்க்கலாம்னேன்."

"நல்லா சொன்னீங்க," என்றார் டிரைவர், ஷூ கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே. "ஆமா, நீங்க இப்போ எங்கே இருக்கீங்க? ஒரே ஹாரன் சத்தமா இருக்கு?"

"உங்க வீட்டுக்குக் கீழேதான். டாக்ஸியில. மீட்டர் ஓடிட்டிருக்கு, சீக்கிரம் இறங்கி வாங்க."